பழைய சலவை இயந்திரத்துக்கும் ஒரு பேரேடு

கொழிஞ்சாம்பாறைப் பகுதியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சில மாதங்களுக்கு முன் நம் கிளைக்கு வந்தார். ஓய்வூதியம் பற்றியோ வைப்புத்தொகை பற்றியோ கேட்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் கேட்டது வேறு.

"சார், ரொம்ப வருசத்துக்கு முன்னாடி உங்க பேங்க்லதான் லோன் போட்டு வாஷிங் மெசின் வாங்குனேனுங்க. அது எந்த வருசம்னு உங்க ரெக்கார்டுல பாத்துச் சொல்ல முடியுங்களா?"

வீட்டைக் காலி செய்து கோயம்புத்தூரில் மகனோடு குடியேறப் போகிறார். பழைய இரும்புக் கடைக்காரர் வந்து இயந்திரத்துக்கு எடைக் கணக்கில் விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அது 1998-இல் வாங்கியது என்கிறார் மகன். இரண்டாவது குழந்தை பிறக்கும் முன்பே, 1995-இல் வாங்கியது என்கிறார் தாய். "எம் பேர்ல வாங்குன மொதப் பொருளுங்க சார் அது. வித்தா விக்கட்டும், வருசம் தப்பாப் போகக் கூடாதுங்க" என்றார்.

நம்மால் உடனே விடை சொல்ல முடியவில்லை. நுகர்பொருள் கடன் கொடுக்கும்போது, வாங்கப்படும் பொருளின் தயாரிப்பாளர் பெயர், மாதிரி எண், வரிசை எண் ஆகியவற்றை ஈட்டுப் பட்டியலில் எழுதிக்கொள்வது வங்கிகளின் வழக்கம். அந்த வகையில், குளிர்சாதனப் பெட்டிக்கும் சலவை இயந்திரத்துக்கும் ஒரு காலத்தில் ஒழுங்கான பட்டியல் வைத்திருந்தவை வங்கிக் கிளைகளே. ஆனால் வங்கி ஆவணங்களைப் பாதுகாப்பதற்கான 1985-ஆம் ஆண்டு விதிகள் சில ஏடுகளுக்கு 5 ஆண்டும், சிலவற்றுக்கு 8 ஆண்டுமே காலவரை விதிக்கின்றன. முடிந்துபோன கடனின் தாள்கள் அதற்கு மேல் தங்குவதில்லை. ஒரு குடும்பத்தின் நினைவுக்கு எட்டு ஆண்டு போதாது. ஆகவே வங்கி வைக்காத ஏட்டை வீடுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து வந்த இரண்டாம் சனிக்கிழமை, ஏடு பேசாத இடத்தில் இயந்திரமாவது பேசுகிறதா என்று பார்ப்பதற்காக அவருடைய வீட்டுக்குச் சென்றோம். அங்கு நாம் பார்த்த முறையையும், அதன்பின் தேடித் தெரிந்துகொண்டவற்றையும் வாடிக்கையாளர்களின் பயனுக்காக இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதலில் வகையை அறிதல்

நிறுவனத்தின் பெயரைத் தேடுவதற்கு முன் இயந்திரத்தின் வகையைத் தீர்மானிக்க வேண்டும். துணியை அது எப்படி அசைக்கிறது என்பதே முதல் கேள்வி. தொட்டியின் நடுவே உயரமான தண்டு நின்று முன்னும் பின்னும் திரும்பினால் அது ஒரு வகை. தொட்டியின் அடியில் தட்டுப் போன்ற சுழலி மட்டும் இருந்தால் அது மற்றொரு வகை. துணி வைக்கும் உருளை படுக்கைவசமாக அமைந்து, முன்பக்கக் கண்ணாடிக் கதவு வழியே துணி போடுவதாக இருந்தால் அது மூன்றாவது வகை. தொட்டியின் மேல் இரண்டு ரப்பர் உருளைகள் பொருத்தி, அவற்றின் இடையே துணியைக் கொடுத்துப் பிழியும் அமைப்பு இருந்தால், அது இவை எல்லாவற்றுக்கும் மூத்த தலைமுறையைச் சேர்ந்தது.

நம் எல்லைப்புற ஊர்களின் வீடுகளில் மிகுதியாகக் காணப்படுவது இரட்டைத் தொட்டி இயந்திரம். ஒரு தொட்டி துவைக்கும், மற்றது பிழியும். இரண்டுக்கும் தனித்தனி மோட்டார். திருகி விடும் கடிகாரக் குமிழ்களும் தனித்தனி. பிழியும் தொட்டியைப் பலரும் 'ட்ரையர்' என்றே அழைக்கிறார்கள். பட்டியலில் இதனால் ஒரு தவறு நேரக்கூடும். பிழியும் தொட்டி துணியை விரைவாகச் சுழற்றி நீரை வெளியேற்றுகிறது. அதில் வெப்பம் இல்லை. துணி ஈரமாகவேதான் வெளியே வரும். உண்மையான உலர்த்தும் இயந்திரத்திலோ உருளை மெதுவாகத் துணியைப் புரட்டிக்கொண்டிருக்க, அதனூடே சூடான காற்று செலுத்தப்படுகிறது.

பாலக்காட்டுக் கணவாயின் காற்றும் வெயிலும் உள்ள கொழிஞ்சாம்பாறையில் உலர்த்தும் இயந்திரத்துக்குத் தேவை ஏற்படுவதில்லை. மூணாறு, தேவிகுளம் பகுதிகளின் நிலைமை வேறு. மழைக்காலத்தில் அங்கே துணி நாள்கணக்கில் காயாது. ஆகவே விடுதிகளிலும் சில வீடுகளிலும் இத்தகைய இயந்திரங்களைக் காணலாம். அவற்றிலும் இரு வகை உண்டு. பின்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமான திறப்பு இருந்து, அதில் குழாய் பொருத்தி ஈரக் காற்றை வெளியே அனுப்புவது ஒன்று. ஈரத்தைக் குளிரவைத்து நீராக்கி ஒரு பெட்டியில் சேர்த்துக்கொள்வது மற்றொன்று. பின்புறத்தைப் பார்த்தாலே வேறுபாடு விளங்கிவிடும்.

விவரத் தகட்டைப் படித்தல்

வகை தெரிந்த பின் தேடவேண்டியது விவரத் தகடு. இரட்டைத் தொட்டி இயந்திரத்தில் அது பெரும்பாலும் பின்புறத்தில் இருக்கும். முன்பக்கக் கதவு உள்ளவற்றில் கதவைத் திறந்தால் அதன் விளிம்பிலோ சட்டத்திலோ தென்படும். முகப்பில் பளபளக்கும் வணிகப் பெயரைவிட இந்தச் சிறிய தகடே நம்பகமான சான்று. மாதிரி எண், வரிசை எண், மின்னழுத்தம், அதிர்வெண், மின்திறன், தயாரித்தவரின் பெயர், முகவரி ஆகியவை அதில் இருக்கும். வரிசை எண்ணுக்குள்ளேயே ஆண்டையும் வாரத்தையும் பொதிந்துவைக்கும் வழக்கம் பல நிறுவனங்களுக்கு உண்டு. அந்த முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், எண்ணைப் பிழையின்றி எழுதிவைப்பதே நம் கடமை; பொருள் பின்னர் விளங்கலாம்.

மின்திறன் ஒரு நல்ல துப்பு. நீரைச் சூடாக்காத துவைக்கும் இயந்திரம் சில நூறு வாட்டோடு நின்றுவிடும். தகட்டில் 2000 வாட் அல்லது அதை ஒட்டிய எண் இருந்தால், உள்ளே வெப்பச் சுருள் உண்டு என்று கொள்ளலாம்.

அதிர்வெண் இன்னும் சுவையான செய்தியைச் சொல்லும். வளைகுடா நாடுகளில் பணிபுரிந்து திரும்பியோர் கொண்டுவந்த பொருள்கள் நம் பகுதியில் ஏராளம். அமீரகத்திலும் குவைத்திலும் மின்சாரம் நம் நாட்டைப் போலவே 50 ஹெர்ட்ஸ். சவூதி அரேபியாவில் 60 ஹெர்ட்ஸ். அங்கு வீடுகளில் 127 வோல்ட் மின்சாரம் நெடுங்காலம் வழங்கியது. ஆகவே '127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்' என்ற தகடு, அந்த இயந்திரம் எந்த நாட்டுச் சந்தைக்கு உருவாக்கப்பட்டது என்பதற்குச் சான்றாகிறது. இத்தகைய இயந்திரத்துக்கு மின்மாற்றி வாங்கிப் பொருத்தினால் போதும் என்று எண்ணுவோர் உண்டு. மின்மாற்றி மின்னழுத்தத்தைக் குறைக்கும், அதிர்வெண்ணை மாற்றாது. 60 ஹெர்ட்ஸ் மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்தே ஓடும், கூடுதலாகச் சூடேறவும் கூடும். அதே அதிர்வெண்ணை நம்பி ஓடும் கடிகாரப் பொறியும் 10 நிமிட வேலைக்கு 12 நிமிடம் எடுத்துக்கொள்ளும்.

காலத்தைக் கணக்கிடுதல்

தகட்டில் ஆண்டு நேராகக் குறிக்கப்படாதபோது, 'இதற்கு முன் இல்லை', 'இதற்குப் பின் இல்லை' என்று இரு எல்லைகளை வகுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு உதவும் சில அளவுகோல்கள் இவை.

முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் அந்தத் தகடு 1972 ஆகஸ்ட் 15-க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. ஊர்ப் பெயரும் உதவும். சென்னை நகரின் பழைய ஆங்கிலப் பெயர் 1996-இலும், புதுச்சேரியின் பழைய பெயர் 2006-இலும், பெங்களூரின் பழைய எழுத்துக்கூட்டல் 2014 நவம்பரிலும் அதிகாரபூர்வமாக மாறின. பழைய பெயர்கள் வழக்கில் சில காலம் நீடிக்கும் என்பதால் இவற்றைத் துணைச்சான்றாகவே கொள்ள வேண்டும். மாறாக, புதிய பெயர் இருந்தால் அது உறுதியான முன்னெல்லை. மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியீடு ஒட்டப்பட்டிருந்தால், அது 2006-இல் அத்திட்டம் தொடங்கியதற்குப் பிற்பட்டது.

நிறுவனங்களின் கூட்டுப் பெயர்கள் மற்றொரு அளவுகோல். புதுச்சேரியில் ஆலை அமைத்த டி.வி.எஸ். வேர்ல்பூல் என்ற பெயர் 1980-களின் பிற்பகுதி முதல் 1990-களின் நடுப்பகுதி வரையிலான காலத்தைச் சுட்டும். கோத்ரெஜ்-ஜி.இ. என்ற பெயர் 1993-க்கு முன் கிடையாது. எல்.ஜி. நிறுவனம் 1997-இல்தான் இந்தியாவில் தொழில் தொடங்கியது.

வணிகவியல் படித்த நமக்கு மிகவும் பிடித்த சான்று, கடை ரசீதில் உள்ள வரிக் கணக்கு. கேரளப் பொது விற்பனை வரியின் பெயர் அதில் இருந்தால், வாங்கியது 2005 ஏப்ரல் 1-க்கு முன்னர். அன்றுதான் கேரளத்தில் மதிப்புக் கூட்டு வரி நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் அது 2007 ஜனவரி 1-இல் வந்தது. மதிப்புக் கூட்டு வரிக் காலத்து வணிகர் எண்ணின் முதல் இரு இலக்கங்கள் கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. வாளையாற்றுக்கு இப்பால் பாலக்காட்டில் வாங்கியதா, அப்பால் கோவையிலோ பொள்ளாச்சியிலோ வாங்கியதா என்பதை அந்த இரு இலக்கங்களே சொல்லிவிடும். சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை 1-இல் வந்தது. அதில் சலவை இயந்திரத்துக்கு 28 விழுக்காடு வரி போட்டிருந்தால், அந்த ரசீது 2018 ஜூலை 27-க்கு முற்பட்டது. அன்று விகிதம் 18-ஆகக் குறைக்கப்பட்டது. ஒரு விழுக்காடு வெள்ள மேல்வரி சேர்ந்திருந்தால், அது 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜூலை வரையிலான கேரள ரசீது. இன்றைய புதுப் பொருள் நாளைய பழம்பொருள். ரசீதைக் கிழிக்காமல் வைத்திருப்போரின் பேரப்பிள்ளைகளுக்கு வேலை எளிது.

பாலக்காட்டின் சொந்தப் பெயர்

நம் பகுதியில் பட்டியல் எழுதுவோர் அடிக்கடி சந்திக்கும் பெயர் பி.பி.எல். அது வெளியூர்ப் பெயரன்று. டி.பி.ஜி. நம்பியார் 1963-இல் பாலக்காட்டில் தொடங்கிய நிறுவனம் அது. பாதுகாப்புத் துறைக்குத் தேவையான மின்னளவு மானிகளே அதன் தொடக்ககாலத் தயாரிப்பு. 1982-ஆம் ஆண்டு டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி இந்திய வீடுகளுக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது நிறுவனம் அத்துறையில் கால்வைத்தது. பின்னர் ஜப்பானின் சான்யோ நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையோடு வீட்டுப் பொருள்கள் பலவற்றுக்கும் விரிந்தது. 1990-களில் நாடெங்கும் அறிந்த பெயராக இருந்தது. நம்பியார் 2024 அக்டோபர் 31-இல் காலமானார். பாலக்காட்டில் 'பி.பி.எல். கூட்டுபாதை' என்று ஒரு பேருந்து நிறுத்தத்துக்கே பெயர் நிலைத்துவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நிறுவனம் பிறந்த ஊர் பாலக்காடு என்பதால், அந்தப் பெயர் தாங்கிய ஒவ்வோர் இயந்திரமும் பாலக்காட்டில் உருவானது என்று எழுதிவிடக் கூடாது. பதிவு அலுவலகம் ஓர் ஊரிலும், விற்பனைத் தலைமையகம் மற்றோர் ஊரிலும், ஆலை வேறோர் ஊரிலும் இருப்பது தொழில் உலகில் இயல்பு. தகட்டில் உள்ள முகவரி எதைக் குறிக்கிறது என்று பார்த்து, அதை அப்படியே எழுத வேண்டும். ஊர்ப் பெருமை சான்றாகாது.

பட்டியல் எழுதும் முறை

'சான்றுச் சீட்டு இல்லாமல் பதிவு இல்லை' என்பது கணக்கியலின் முதல் பாடம். இங்கும் அதுவே விதி. ஒரு இயந்திரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கண்ணால் கண்டதை இடப்புறமும், ஊகித்ததை வலப்புறமும் எழுதுங்கள். 'தகட்டில் கண்டது', 'ரசீதில் கண்டது', 'அம்மா சொன்னது' என்று ஒவ்வொன்றின் அருகிலும் அதன் மூலத்தைக் குறியுங்கள். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் '1993-க்கும் 1996-க்கும் இடையில்' என்று எழுதுவது குறையன்று. தவறான ஓர் ஆண்டை உறுதியாக எழுதுவதே குறை.

வகை, தயாரிப்பாளர், மாதிரி எண், வரிசை எண், மின் விவரங்கள், உயர அகல ஆழ அளவுகள், நிறம், பழுது பார்த்த வரலாறு, மாற்றப்பட்ட உறுப்புகள், வாங்கியவர் பெயர், வாங்கிய இடம் ஆகியவை பக்கத்தில் இடம்பெற வேண்டும். முன்புறம், பின்புறம், தகடு, குமிழ்ப் பலகை, தொட்டியின் உட்புறம் என ஐந்து படங்கள் போதும். தகட்டை உப்புத்தாளால் தேய்த்துவிடாதீர்கள்; ஈரத்துணியால் மென்மையாகத் துடைத்து, பக்கவாட்டில் கைவிளக்கைப் பிடித்தால் மங்கிய எழுத்தும் தெரியும். சித்தூர் வட்டத்து ஆழ்குழாய்க் கிணற்று நீர் தொட்டியில் படியவிட்ட வெண்ணிறச் சுண்ணப் படிவையும், மலைப்பகுதி ஈரம் அடித்தகட்டில் ஏற்றிய துருவையும்கூடக் குறித்துக்கொள்ளலாம். இயந்திரம் எங்கே வாழ்ந்தது என்பதற்கு அவையும் சாட்சி.

ஆய்வு முடியும் வரை மின் இணைப்பு கூடவே கூடாது. பல ஆண்டு ஓடாத இயந்திரத்தின் கம்பி உறையை எலி கடித்திருக்கலாம். நில இணைப்பு அறுந்திருக்கலாம். மோட்டாருடன் உள்ள மின்தேக்கி கெட்டிருக்கலாம். ஓட்டிப் பார்க்க விரும்பினால் மின்பணியாளர் ஒருவர் சோதித்த பிறகே ஓட்ட வேண்டும்.

பட்டியலின் அருமையை நேரில் காண விரும்புவோர் மூணாற்றில் நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்துக்குச் சென்றுவரலாம். 1905-ஆம் ஆண்டைச் சேர்ந்த தேயிலை உருட்டும் இயந்திரமும், தமிழ்நாட்டின் நாசரேத் தொழிற்பள்ளியில் 1913-இல் செய்யப்பட்ட சூரியக் கடிகாரமும், ஒரு காலத்தில் மூணாற்றையும் டாப் ஸ்டேஷனையும் இணைத்த குண்டளப் பள்ளத்தாக்கு இரயிலின் சக்கரமும் அங்கே உள்ளன. பெயரும் ஆண்டும் இல்லாதிருந்தால் அவை பழைய இரும்பு. எழுதப்பட்டதால் அவை வரலாறு. உலகளவில் நோக்கினால், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஈட்டன் என்ற ஊரில், மின்பொறியியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற லீ மேக்ஸ்வெல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய சலவை இயந்திரங்களைச் சேர்த்து, கின்னஸ் ஏட்டிலும் இடம்பெற்றார். அவர் தொடங்கியதும் ஒரு பழைய இயந்திரத்தை வாங்கிய நாளில்தான்.

பட்டியல் பணமாகும் நேரம்

இது பொழுதுபோக்கு மட்டுமன்று. 2018 ஆகஸ்ட் 9-இல் இடுக்கி அணையின் செறுதோணி மதகு 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டது. அதே நாள்களில் மலம்புழை அணையும் திறக்கப்பட்டு, பாலக்காட்டில் கல்பாத்திக் கரையோர வீடுகளில் நீர் புகுந்தது. மூணாறு நகரிலும் முதிரப்புழை கரைபுரண்டது. வெள்ளம் வடிந்த பின் வீட்டில் என்னென்ன இருந்தன என்று நினைவிலிருந்து எழுதுவது எத்தனை கடினம் என்பதை அனுபவித்தவர் அறிவர்.

2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வழங்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' திட்டத்தில், வீட்டுக் கட்டடத்தைக் காப்பீடு செய்தால், அந்தத் தொகையில் 20 விழுக்காடு வரை, அதிகபட்சம் 10 இலட்சம் ரூபாய்க்கு, வீட்டுப் பொருள்களும் தாமாகவே காப்பில் அடங்கும். காப்பீடு எடுக்கும்போது பொருள்களின் பட்டியல் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இழப்பைக் கோரும் நாளில் இழந்தது இன்னது என்று காட்ட வேண்டும். அன்று எழுத உட்கார்ந்தால் காலம் கடந்திருக்கும். ஏட்டின் ஒரு படியை வீட்டுக்கு வெளியே, உறவினரிடமோ கைப்பேசியின் இணையச் சேமிப்பிலோ வைத்திருப்பது நல்லது.

இயந்திரத்தைக் கைவிட முடிவு செய்தாலும் ஒழுங்கு உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளில் சலவை இயந்திரமும் அடங்கும். பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ, தயாரிப்பாளரின் சேகரிப்பு ஏற்பாட்டிலோ ஒப்படைப்பதே முறை. கேரளத்தில் உங்கள் ஊராட்சியில் கேட்டால் வழி சொல்வார்கள். கொடுப்பதற்கு முன் பக்கத்தை எழுதி முடியுங்கள்.

ஆசிரியையின் ஏடு

கொழிஞ்சாம்பாறை வீட்டின் பின்திண்ணையில் நின்றிருந்தது பி.பி.எல். இரட்டைத் தொட்டி இயந்திரம். தகட்டில் பெங்களூர் என்ற ஊரின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல். நட்சத்திரக் குறியீடு இல்லை. இவற்றால் தாய் சொன்ன ஆண்டும் பொருந்தியது, மகன் சொன்னதும் பொருந்தியது. இயந்திரத்தை நகர்த்தியபோது, பின்புறம் ஒட்டுநாடாவால் ஒட்டப்பட்ட பிளாஸ்டிக் உறை ஒன்று தென்பட்டது. உள்ளே உத்தரவாத அட்டை. பாலக்காட்டுக் கடையின் முத்திரையில் நாளும் மாதமும் ஈரத்தில் கலைந்திருந்தன. '95' என்ற இரு இலக்கங்கள் மட்டும் தெளிவாக நின்றன. வாங்குபவர் பெயர் என்ற இடத்தில் ஆசிரியையின் பெயர், அவருடைய கையெழுத்திலேயே.

கைப்பேசியில் மகனை அழைத்துச் சொன்னோம். "அம்மா சொன்னதுதானுங்க சரி" என்று அவர் சிரித்தார். ஆசிரியை சிரிக்கவில்லை. பழைய பள்ளிக்கூடக் குறிப்பேடு ஒன்றை எடுத்துவந்து, முதல் பக்கத்தில் வரிசை எண்ணை எழுத்துப் பிசகாமல் எழுதினார். வாங்கிய ஆண்டு என்ற இடத்தில் 1995 என்று எழுதி, அதன் அருகில் 'உத்தரவாத அட்டையில் கண்டது' என்று குறித்தார். நாளுக்கும் மாதத்துக்கும் உரிய கட்டங்களை வெறுமையாகவே விட்டார். முப்பது ஆண்டு கணக்குப் பார்க்கும் எவரும் அதைவிடச் சரியாகப் பதிவு செய்திருக்க முடியாது.

கடைக்காரர் அடுத்த வாரம் வந்தபோது இயந்திரத்தை விற்கவில்லை என்று பின்னர் அறிந்தோம். அது கோயம்புத்தூருக்குப் போனதா என்று நாம் கேட்கவில்லை. ஏடு போயிருக்கும் என்பது நமக்குத் தெரியும்.